தெற்கே தெரிந்த பெரிய நட்சத்திரத்தைக் காணவில்லை, செயலி கிழக்கே காட்டுகிறது

மொட்டைமாடி:
மதுரையில் இருக்கிறேன். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்கு, பக்கத்து வீட்டுத் தென்னைக்கு நேர் மேலே ஒரு பெரிய நட்சத்திரம் மின்னியது. மாடியில் அந்தத் தென்னைதான் எங்களுக்குத் தெற்கு. மகள் அதைப் பள்ளி நோட்டில் குறித்து வைத்தாள். இன்று ஏப்ரல் 15. அதே 9 மணிக்கு ஏறிப் பார்த்தால் தென்னைக்கு மேலே ஒன்றுமில்லை. கைப்பேசிச் செயலியோ அதற்கு ‘கேனோபஸ்’ என்று பெயர் சொல்லிவிட்டு, கிழக்கே எங்கள் மாடிப்படிச் சுவரைக் காட்டுகிறது. நண்பர் ஒருவர் அது கோளாக இருக்கும், நகர்ந்து போயிருக்கும் என்கிறார். எதை நம்புவது?

வழிப்போக்கன்:
துருவ நட்சத்திரமாக இருக்குமோ?

தென்வானம்:
துருவ நட்சத்திரம் வடக்கே இருப்பது. மதுரையில் அடிவானத்துக்கு மேலே 10 பாகைதான் ஏறும், அவ்வளவு பளிச்சென்றும் இராது. விட்டுவிடுவோம்.

கோளும் அல்ல. கோள்கள் சூரியன் போகும் பாதையை ஒட்டியே நடக்கும். மதுரையில் நேர் தெற்கைக் கடக்கும்போது எந்தக் கோளும் பாதி வானத்துக்குக் கீழே இறங்காது. தென்னை உயரத்தில், நேர் தெற்கில் இருந்தது என்றால் செயலி சொன்ன பெயர் சரி. அதுதான் நம்மவர்கள் அகத்தியர் என்று சொல்லும் விண்மீன். இரவு வானில் சிரியஸுக்கு அடுத்தபடி ஒளி மிகுந்தது. உங்கள் ஊரில் உச்சத்திலேயே சுமார் 27 பாகைதான்.

அது காணாமல் போகவில்லை, நேரம்தான் மாறிவிட்டது. எந்த விண்மீனும் நாளுக்கு 4 நிமிடம் முந்திக்கொள்ளும், மாதத்துக்கு 2 மணி நேரம். பிப்ரவரி நடுவில் 9 மணிக்கு உச்சத்தில் நின்றது இப்போது மாலை 5 மணிக்கே, வெயில் இருக்கும்போதே உச்சத்தைக் கடந்துவிடுகிறது. 9 மணிக்கு அது தென்மேற்குப் பக்கம் சாய்ந்து 10 பாகையில் கிடக்கும். அந்தப் பக்கம் உங்களுக்கு என்ன இருக்கிறது?

மொட்டைமாடி:
மூன்று மாடிக் கட்டடம் ஒன்று!

தென்வானம்:
அப்படியானால் நாளை 7.30க்கே ஏறுங்கள். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. தென்னையிலிருந்து வலப்பக்கம் இரண்டு முஷ்டி, அடிவானத்திலிருந்து மேலே இரண்டு முஷ்டி. கைப்பேசி தேவையே இல்லை. மே முதல் வாரத்துக்குப் பிறகு 9 மணிக்கு முன்பே மறைந்துவிடும். ஜூன், ஜூலையில் சூரிய ஒளியில் அகப்பட்டுக்கொள்ளும். ஆகஸ்டில் விடியலுக்கு முன் தென்கிழக்கே மறுபடி தலைகாட்டும்.

காந்தமுள்:
செயலி கிழக்கே காட்டியதற்கு என் சந்தேகம் கைப்பேசி உறையின் மேல். மடக்கி மூடும் உறையா? அதில் சிறு காந்தம் இருக்கும், கைப்பேசியின் திசைகாட்டி குழம்பிவிடும். இரும்புத் தாங்கியில் நிற்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாலும் இதே கதைதான். உறையைக் கழற்றி, தொட்டியை விட்டு விலகி நின்று, கைப்பேசியை எட்டு வடிவில் நாலைந்து முறை சுழற்றுங்கள். நான் ஒரு வாரம் செயலியைத் திட்டித் தீர்த்த பிறகுதான் இதைக் கண்டுபிடித்தேன்.

தில்லிவாசி:
கொடுத்துவைத்தவர்கள். தில்லியில் அகத்தியர் உச்சத்திலேயே 9 பாகை தொடுவதில்லை. குளிர்காலப் புகையில் எனக்கு அவர் வெறும் கேள்விப்பட்ட பெயர்தான்.

மொட்டைமாடி:
கிடைத்துவிட்டது! 7.40க்கு, கட்டடத்துக்கு இடப்பக்கம், தெளிவாக. கீழே இறங்க இறங்கச் சிவப்பும் பச்சையுமாக மினுக்கியது, முன்பு அப்படி இல்லை. உறையில் காந்தம் இருந்தது உண்மை. கழற்றியதும் செயலியும் சரியான இடத்தையே காட்டியது.

ஒன்று மட்டும் புரியவில்லை. என் முஷ்டிக்கும் இரண்டு, எட்டு வயது மகளின் முஷ்டிக்கும் இரண்டு. அவள் கை எவ்வளவு சின்னது!

தென்வானம்:
முஷ்டி சின்னது, கையின் நீளமும் அதே அளவுக்குக் குறைவு. அதனால் கணக்கு மாறாது. நிற மினுக்கல் காற்றின் வேலை. அடிவானத்தை நெருங்க நெருங்க ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருகிறது, அது கலங்கும்போது நிறங்கள் பிரிந்து துள்ளுகின்றன. நோட்டில் நேரத்தையும் சேர்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். பிப்ரவரிக் குறிப்பில் அது இருக்கிறதா?

மொட்டைமாடி:
‘அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது’ என்று எழுதியிருக்கிறாள். எங்கள் வீட்டில் அது 9 மணி.