அப்துல் கலாம் தீவில் ஏவுகணை விடுவதால் ஆமைகளுக்குப் பாதிப்பு உண்டா?

அடையாறு மீனா:
ஜனவரி பிறந்தால் பெசன்ட் நகர் கடற்கரையில் ராத்திரி ஆமை நடைக்குப் போகிறவள் நான். பங்குனி ஆமை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்ப்போம். ஒடிசாவின் கஹிர்மாதாவில் இதே ஆமைகள் லட்சக்கணக்கில் கரையேறுகின்றன. அக்னி ஏவுகிற அப்துல் கலாம் தீவும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. அந்தச் சத்தமும் புகையும் ஆமைகளை விரட்டிவிடாதா? அந்தப் பக்கம் இருந்தவர்கள் சொல்லுங்களேன்.

தாம்ரா செல்வம்:
தங்கச்சி, நான் தாம்ரா துறைமுகத்தில் தூர்வாரும் கப்பலில் வேலை பார்த்தவன். தீவு கரையிலிருந்து சுமார் 10 கி.மீ., நீளம் 2 கி.மீ.தான். 2015 செப்டம்பரில்தான் கலாம் பெயர் வைத்தார்கள். அங்கே உள்ளவர்களுக்கு இன்னமும் வீலர் தீவுதான்.

சத்தத்தைவிட எனக்குப் பயம் வெளிச்சத்தில்தான். ஏவுவது வருஷத்தில் சில நாள், சில நிமிஷம். விளக்கு ராத்திரி முழுக்க எரியும். ஆமைகள் கூட்டமாக முட்டையிடும் நாசி தீவுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. குஞ்சு வெளிச்சம் தெரிகிற பக்கம் ஊர்ந்து போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் பருவத்தில் விளக்கை அணைக்கவும் மறைக்கவும் வனத்துறை கேட்கிறது.

என் மனசு ஆறாதது வேறு விஷயம். தாம்ரா, தேவி, ருஷிகுல்யா முகத்துவாரங்களில் 20 கி.மீ.க்குள் நவம்பர் 1 முதல் மே 31 வரை ஆமைகளுக்காக மீன்பிடிக்கத் தடை. ஏழு மாசம் அந்த ஜனங்கள் என்ன சாப்பிடுவார்கள்? 2024 ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகளுக்காகத் தீவில் ஏவுகணைச் சோதனை இருக்காது என்று 2023 டிசம்பரில் ஒடிசா அரசு சொன்னது. மார்ச் 11 அன்று அக்னி-5 அங்கிருந்துதான் கிளம்பியது. மீனவனுக்குத் தளராத விதி ராணுவத்துக்கு மட்டும் தளர்ந்தால் எப்படி?

ராமநாதபுரத்தான்:
அண்ணே, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் 5,000 கி.மீ. தாண்டிப் போகிற ஏவுகணையை வேறு எங்கே வைத்து விடுவது? அங்கே தெற்கே இந்தியப் பெருங்கடல் வரை திறந்த கடல். ஊர்கள் தலைக்கு மேல் பறக்காது. விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறார்கள். ஒரே அக்னி-5 பல வெடிகுண்டு முனைகளைச் சுமந்து போன முதல் சோதனை அந்த மார்ச் 11 சோதனை. நாட்டுக்குத் தேவையானதுதான்.

அடையாறு மீனா:
அண்ணா, 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதைக் கண்ணால் பார்த்தேன். இழுவை மடி வலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாது. அதனால் மீன்பிடித் தடையே கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தாம்ரா செல்வம்:
தடை வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை தங்கச்சி. விசைப்படகின் இழுவை மடியையும் நாட்டுப்படகுக்காரரின் சின்ன வலையையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள் என்கிறேன். ராமநாதபுரத்துத் தம்பிக்கும் ஒன்று: தீவை மூடச் சொல்லவில்லை. மார்ச்சோடு ஆமைப் பருவக் கணக்கை முடிக்காதீர்கள். அந்த மாசம் இட்ட முட்டை பொரிந்து குஞ்சு வெளியே வர ஏப்ரல், மே ஆகிவிடும். அதுவரைக்கும் தீவில் விளக்கு அணைந்திருக்கட்டும்.