மேல் வேரியன்ட்டின் ஆடியோவுக்காக 1.8 லட்சம் கூடுதலாகக் கொடுக்கலாமா?

நூல்காரர்_ஈரோடு

வணக்கம்ங்க. பழைய டீசல் செடானைத் தள்ளிவிட்டு நடுத்தர எஸ்யூவி ஒன்று எடுக்கப் போகிறேன். வண்டி முடிவாகிவிட்டது. நிறமும் முடிவாகிவிட்டது, அதில் என்னிடம் யாரும் கேட்கவில்லை. வேரியன்ட்டில்தான் இழுபறி.

எனக்குப் போதும் என்று தோன்றுகிற வேரியன்ட்டில் பெயரில்லாத ஆறு ஸ்பீக்கர். அதற்கு மேலே உள்ளதில் பெயர் போன ஆடியோ கம்பெனியின் எட்டு ஸ்பீக்கர், அதில் ஒன்று டிக்கியில் சப்வூஃபர் (கனமான கீழ்ச் சத்தத்துக்கான ஸ்பீக்கர்), தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்). ஆன்ரோடு விலையில் வித்தியாசம் 1.8 லட்சம். கூடவே பனோரமிக் சன்ரூஃப், காற்று வரும் சீட், 360 டிகிரி கேமரா எல்லாம் வருகிறது. எங்கள் ஊர் வெயிலுக்குக் கூரையைத் திறந்து வைத்து என்ன செய்ய? கேமரா பரவாயில்லை. ஆக, என் கணக்கில் அந்தப் பணம் பெரும்பாலும் பாட்டுக்குத்தான் போகிறது.

தொழில் நூல் ஏஜென்சி. வாரத்தில் பாதி நாள் பெருந்துறை, ஊத்துக்குளி வழியாகத் திருப்பூர். இடையிடையே கரூர். எப்போதாவது ராஜபாளையம் மில்கள் வரை. நிம்மதியாகப் பாட்டுக் கேட்கிற இடமே வண்டிதான், வீட்டில் டி.வி. ரிமோட் என் கைக்கு வருவதில்லை. கேட்பது நாதஸ்வரக் கச்சேரி, அப்புறம் எண்பதுகளின் சினிமாப் பாட்டு. திருவிழாவில் தவில்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்த ஆள் நான். தவிலின் கனமான பக்கமான தொப்பியில் ஒரு அடி விழுந்தால் நெஞ்சில் படவேண்டும். இப்போதைய வண்டியில் அது காலி எண்ணெய் டின்னைத் தட்டுவதுபோல் கேட்கிறது.

ஷோரூமில் சேல்ஸ் தம்பி கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, அவர் போனிலிருந்து ஏதோ குத்துப் பாட்டு போட்டுக் காட்டினார். அசந்துதான் போனேன். வெளியே வந்து டீ குடிக்கும்போது சந்தேகம் வந்துவிட்டது. நின்ற வண்டியில், எஞ்சின் போடாமல், ஏசி போடாமல் கேட்டால் எதுதான் நன்றாக இருக்காது? இங்கே ஆக்சசரீஸ் கடையில் விசாரித்தால், 60 ஆயிரத்துக்குள் அதைவிட நன்றாகச் செய்து தருகிறோம் என்கிறார்கள். அவர்கள் அப்படித்தானே சொல்வார்கள்.

வயது 47. இந்தக் காதுக்கு 1.8 லட்சம் தகுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளலூர்_வேலன்

இதே மாதிரி மேல் வேரியன்ட்தான் வைத்திருக்கிறேன். நன்றாகவே இருக்கிறது, எடுங்கண்ணா. கம்பெனியே போட்டுத் தருவதில் தலைவலி கிடையாது. லோனில் சேர்த்துவிட்டால் மாதத்துக்கு மூவாயிரம் சொச்சம்தான் கூடும். விற்கும்போதும் மேல் வேரியன்ட் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும். வாங்கிய புதிதில் பேஸ், ட்ரெபிள் என்று தினமும் நோண்டிக்கொண்டிருந்தேன். இப்போது மனைவி நியூஸ் போடுகிறார், பையன் கார்ட்டூன் பாட்டுப் போடுகிறான். தனியாகப் போகும்போது மட்டும்தான் நமக்கு. நீங்கள் தனியாக அதிகம் ஓட்டுகிறீர்கள் என்பதால் உங்களுக்கு லாபம்.

பேட்டர்ஸ்ரோடு_பழையகை

ஈரோட்டுக்காரரே, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் ஆடியோ மாட்டிப் பிழைத்தவன் நான். இப்போது கடை இல்லை, அதனால் உங்களிடம் விற்க என்னிடம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்பீக்கர் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். க்ரெட்டாவின் மேல் வேரியன்ட்டில் போஸ் 8, எக்ஸ்யூவி700 வந்தபோது அதன் மேல் வேரியன்ட்டில் சோனி 12 என்று விளம்பரம் எண்ணிக் காட்டும். உங்கள் ஆறு என்பது நான்கு கதவும், உச்சச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் இரண்டும். எட்டு என்பது பெரும்பாலும் அதோடு டேஷ்போர்டு நடுவில் ஒன்று, டிக்கியில் ஒரு சப்வூஃபர். சின்னத்தையும் ரொம்ப நம்ப வேண்டாம். ஜேபிஎல், ஹர்மன் கார்டன், இன்ஃபினிட்டி மூன்றும் ஹர்மன் என்ற ஒரே கம்பெனியின் பெயர்கள். அந்த ஹர்மனையே 2017-இல் சாம்சங் வாங்கிவிட்டது.

அப்படியானால் காசு எதற்கு? இரண்டு விஷயத்துக்கு.

ஒன்று ஆம்ப். சாதாரண செட்டின் பெட்டிமேல் 50 வாட், நான்கு சேனல் என்று போட்டிருக்கும். வண்டி ஓடும்போது பேட்டரி லைனில் இருப்பது 14.4 வோல்ட். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்குப் போட்டால், ஒரு சேனலுக்கு 26 வாட்டுக்கு மேல் சுத்தமாகக் கொடுக்கவே முடியாது. நடைமுறையில் தெளிவாகக் கிடைப்பது இருபதுக்குள். அதற்கு மேல் ஏற்றினால் சத்தம் வரும், கூடவே கரகரப்பும் வரும். தவில் மாதிரித் திடீரென்று பாய்கிற சத்தத்துக்கு இந்த இருபது பற்றாது. நீங்கள் சொல்கிற எண்ணெய் டின் விவகாரத்தில் பாதி இதுதான். தனி ஆம்ப் உள்ளே வோல்டேஜை ஏற்றிக்கொள்ளும், அதனால் மூச்சு வாங்காது.

இரண்டாவது ட்யூனிங். இதைத்தான் கடைக்காரர்கள் சொல்வதில்லை. நீங்கள் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறீர்கள். வலது கதவு ஸ்பீக்கர் காலடியில், இடது கதவு ஸ்பீக்கர் அதைவிட அரை மீட்டருக்கு மேல் தள்ளி. சத்தம் ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். ஆக, இடதுபக்கச் சத்தம் ஒன்றரை மில்லிசெகண்ட் பிந்தித்தான் வரும். காதுக்கு இது தெரியும்: பாடகர் உங்கள் முழங்கால் பக்கத்திலிருந்து பாடுவார். கிட்டே இருக்கிற ஸ்பீக்கரை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தினால் அவர் டேஷ்போர்டு மேலே ஏறி உட்கார்ந்துவிடுவார். இந்த வேலையைச் செய்வது டிஎஸ்பி, அதாவது சத்தத்தை டிஜிட்டலாகக் கணக்குப் போட்டு மாற்றுகிற சிப். 1983 மாடல் காடிலாக் செவில் முதலான ஜிஎம் கார்களுக்கு போஸ் ஆடியோ செய்தபோதே, அந்தந்த வண்டியின் உள்ளே சத்தம் எப்படி விழுகிறது என்று பார்த்துத்தான் செய்தார்கள். கம்பெனி ஃபிட்டிங்கின் பலமே இதில்தான். வெளியே 60 ஆயிரத்துக்கு மாட்டுகிறவர் மைக் வைத்து அளந்து ட்யூன் செய்வாரா என்று கேளுங்கள். பதில் வரும்போது முகத்தைப் பாருங்கள்.

இப்போது உங்கள் கேஸ். தவில் தொப்பியின் கனம் பெரும்பாலும் கதவில் இருக்கிற ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் எட்டக்கூடிய இடத்திலேயே இருக்கிறது. சப்வூஃபர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடும். ஓடவிடாமல் செய்வது கதவு. கதவுதான் அந்த ஸ்பீக்கரின் பெட்டி. உள்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும், மேலே ஒரு பிளாஸ்டிக் பேப்பர். ஸ்பீக்கரின் முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் அந்த ஓட்டை வழியாகச் சந்தித்து, கீழ்ச் சுருதி ஒன்றையொன்று தின்றுவிடும். மிச்சத்தை நடுங்குகிற வெளித்தகடு கெடுக்கும். பியூட்டைல் ஷீட்டை வெளித்தகட்டின் உள்பக்கம் ஒட்டி, அந்த ஓட்டைகளையும் மூடினால், அதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கராகிவிடும். டேம்பிங் என்று சொன்னால் எந்தக் கடையிலும் புரியும்.

நான் என்றால் கீழ் வேரியன்ட் எடுத்து, முதலில் நான்கு கதவும் டேம்பிங். ஒரு மாதம் அப்படியே கேட்பேன். அப்புறம் முன்கதவுக்கு மட்டும் காம்பொனன்ட் ஸ்பீக்கரும் (ட்வீட்டர் தனியாக வருகிற செட்) டிஎஸ்பி உள்ள சின்ன நான்கு சேனல் ஆம்பும். பின்கதவு ஸ்பீக்கரைத் தொடமாட்டேன், பின்னால் உட்காருகிறவர் தூங்கத்தான் போகிறார். நல்ல சாமானும் ட்யூனிங்கும் சேர்த்தால் 60-ஐத் தாண்டும். ஆனாலும் 1.8-க்கு ரொம்பக் கீழேதான்.

ஆனால் கேமராவும் காற்று சீட்டும் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டும் என்றால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். அப்போது மேலே உள்ளதை எடுங்கள், கதவுக்கு மட்டும் டேம்பிங் செய்துகொள்ளுங்கள்.

நூல்காரர்_ஈரோடு

ஐயா, ரொம்ப நன்றிங்க. காற்று சீட் பற்றி நீங்கள் கேட்டதும் வீட்டில் கேட்டேன், "அது வேண்டும்" என்று ஒரே வார்த்தை. பிரச்சினையைப் பெரிதாக்கிவிட்டீர்கள்.

ஒரு சந்தேகம். மேல் வேரியன்ட் எடுத்தால், பின்னால் அதன் ஸ்பீக்கரை மாற்றிக்கொள்ள முடியுமா?

பேட்டர்ஸ்ரோடு_பழையகை

முடியும், ஆனால் கடினம். கம்பெனி பிரீமியம் செட்களில் ஸ்பீக்கர் பல இடத்தில் 2 ஓமாக இருக்கும், ஆம்புக்கு சிக்னல் டிஜிட்டலாகப் போகும், ட்யூனிங் அந்த ஸ்பீக்கருக்கென்றே எழுதியது. ஒன்றைப் பிடுங்கி வெளி ஸ்பீக்கர் வைத்தால் கேட்கவே பிடிக்காது. எடுத்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கீழ் வேரியன்ட்டில்தான் கை வைக்க இடம் உண்டு.

இன்னொன்று, காற்று சீட்டில் ஃபேன் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டுக்கடி சப்வூஃபர் என்று யாராவது ஆசை காட்டினால் குனிந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

திருவையாறு_வயலின்

நான் வயலின் சொல்லித்தருகிறேன். வண்டி பற்றிப் பெரிதாகத் தெரியாது. காது பற்றிக் கொஞ்சம் தெரியும்.

நாற்பத்தேழு வயதில் மிக உச்சமான அதிர்வெண்கள் காதுக்குக் குறையத்தான் செய்யும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். நாதஸ்வரத்தின் உயிர் அங்கே இல்லை, நடுப்பகுதியில் இருக்கிறது. கெட்ட ஸ்பீக்கர் அந்த நடுப்பகுதியைக் கீச்சென்று ஆக்கி, பத்து நிமிடத்தில் உங்களைச் சத்தத்தைக் குறைக்க வைத்துவிடும். எனக்கு அளவுகோல் அதுதான். ஒரு ராக ஆலாபனை முழுவதையும் வால்யூமைத் தொடாமல் கேட்க முடிகிறதா? சுருதிப் பெட்டி, ஒத்து, பாட்டுக்குப் பின்னால் அறுபடாமல் ஓடிக்கொண்டிருப்பது கேட்கிறதா? டெமோவில் குத்துப் பாட்டு போட்டால் எல்லா வண்டியும் பாஸ் ஆகிவிடும்.

அப்புறம், எதிலிருந்து கேட்கிறீர்கள்? பழைய நாதஸ்வரக் கச்சேரிகள் பலவும் யாரோ கேசட்டிலிருந்து ஏற்றியவை. நல்ல ஸ்பீக்கர் அந்த "உஸ்ஸ்" சத்தத்தையும் நன்றாகவே கேட்க வைக்கும். என் மாணவர் ஒருவர் பெரிய செட் மாட்டிவிட்டு, இதற்கு முன்னால் இருந்ததே மேல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நல்ல பதிவை பென் டிரைவில் போட்டோ கேபிளில் இணைத்தோ கேளுங்கள். ப்ளூடூத்தில் பாட்டு மறுபடி சுருக்கப்பட்டுத்தான் போகும்.

வெள்ளலூர்_வேலன்

டீச்சர், என் வண்டியில் வயர்லெஸ் கார்பிளே இருக்கிறது, அதுவும் ப்ளூடூத்தா?

பேட்டர்ஸ்ரோடு_பழையகை

தம்பி, அதில் இணைப்பைத் தொடங்கத்தான் ப்ளூடூத். பாட்டு வைஃபையில் போகும், நன்றாகவே இருக்கும். வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் அப்படித்தான்.

பாலிசி_பார்த்தசாரதி

இன்சூரன்ஸ் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. வெளியே மாட்டுகிற ஆம்ப், ஸ்பீக்கர் எதுவாக இருந்தாலும் பில் வாங்கி பாலிசியில் எலெக்ட்ரிகல் ஆக்சசரீஸ் என்று சேர்த்துவிடுங்கள். பொதுவாக அதன் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். 60 ஆயிரத்துக்கு 2,400 ரூபாய், மேலே ஜிஎஸ்டி. சேர்க்காவிட்டால் திருட்டுப் போனாலும் வெள்ளத்தில் போனாலும் அந்தச் சாமானுக்கு ஒன்றும் வராது. கம்பெனி ஃபிட்டிங்குக்கு இந்தத் தொல்லை இல்லை, அது வண்டி விலைக்குள்ளேயே அடக்கம்.

வாரன்டிக்கு, வயரை வெட்டாமல் கப்ளருக்குக் கப்ளர் மாட்டச் சொல்லுங்கள். ட்வீட்டரை முன்கண்ணாடி ஓரத்துத் தூணில் பதிக்கிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கர்ட்டன் ஏர்பேக் அதற்குப் பின்னால் இருக்கிறது.

நூல்காரர்_ஈரோடு

எல்லோருக்கும் நன்றிங்க. இரண்டு வேரியன்ட்டையும் டெஸ்ட் டிரைவ் கேட்டு வாங்கினேன். டீச்சர் சொன்னபடி என் பென் டிரைவ், ஒரு நாதஸ்வர ஆலாபனை, அப்புறம் ஒரு தனி ஆவர்த்தனம். பெருந்துறை பைபாஸில் 80-இல், ஏசி போட்டு.

நின்றபோது மேல் வேரியன்ட் எங்கோ இருந்தது. 80-இல் டயர் சத்தம் ஏறியதும் வித்தியாசம் பாதியாகிவிட்டது. ஒத்து இரண்டிலுமே ரோட்டுச் சத்தத்தில் கரைந்துவிட்டது. ஆனால் தவில் மேலே உள்ளதில்தான் தவிலாகக் கேட்டது, அதை மறைக்க முடியாது. வாசிப்பவர் நேரே முன்னால் உட்கார்ந்திருந்ததும் உண்மைதான். ஐயா சொன்ன அந்தத் தாமத வித்தை என்று நினைக்கிறேன்.

முடிவு: கீழ் வேரியன்ட் புக் செய்துவிட்டேன். காற்று சீட்டுக்கு வீட்டில் ஒரு சமாதானம் பேசியிருக்கிறேன், அதன் விவரம் இங்கே வேண்டாம். முதலில் டேம்பிங். மிச்சம் தீபாவளி போனஸெல்லாம் கொடுத்து முடித்த பிறகு.

ஐயா, டேம்பிங் செய்யும்போது நான் நின்று பார்க்க வேண்டியது என்ன?

பேட்டர்ஸ்ரோடு_பழையகை

தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு ஒட்டுகிறார்களா, ரோலரால் அழுத்தித் தேய்க்கிறார்களா என்று பாருங்கள். வெறும் கையால் தட்டி ஒட்டினால் நம்ம ஊர் வெயிலில் பிரிந்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். டிரிம் கிளிப் உடைந்தால் புதிது போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிறகு கதவு கிரீச்சிடும். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். ஷீட் அதை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே நின்று கதவு துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் கண்ணாடி மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அது கீழே வடிகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.