‘வன்பொருள் முறிவுப்புள்ளி’ வேண்டாம், ‘செயலிக் கண்ணி’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஹார்டுவேர் பிரேக்பாயிண்ட் என்பது, ஒரு முகவரியில் நிரல் எழுதினாலோ, படித்தாலோ, ஓடினாலோ தெரிவிக்கும்படி செயலியிடமே (பிராசசர்) சொல்லிவைக்கும் வழுநீக்க (நிரல் பிழை தேடும்) வசதி. அதற்கு ‘வன்பொருள் முறிவுப்புள்ளி’ என்று வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெயரில் உள்ள முறிவு, புள்ளி, வன்பொருள் ஆகிய மூன்று சொற்களுமே பொருளைத் தவறாகக் காட்டுகின்றன.

எலும்பு முறிவு, மண முறிவு, பேச்சுவார்த்தை முறிவு என்று தமிழில் முறிவு எங்கே வந்தாலும் ஏதோ ஒன்று கெட்டுப்போயிருக்கும். கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) முறிந்தது என்றால் கணினி செயலிழந்து விழுந்தது என்றே எவரும் புரிந்துகொள்வார். ‘இந்த முகவரியில் முறிவுப்புள்ளி’ என்று ஒரு வழு அறிக்கையில் எழுதினால், கர்னல் விழுந்த இடமே அதுதான் என்று படிப்பவர் நினைப்பார். உண்மையில் அங்கே எதுவும் முறிவதில்லை.

அதற்கு மாற்றாக வந்த ‘நிறுத்தப்புள்ளி’யும் சரிப்படாது. ஏன் என்று சொல்ல, நானே பட்ட பாடு ஒன்றை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாதன இயக்கியில் (டிவைஸ் டிரைவர்) வேலை செய்துகொண்டிருந்தேன். அதன் தரவுக் கட்டமைப்பில் நான்கு பைட் அளவுள்ள நிலை எண் ஒன்று உண்டு. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை அது காரணமே இல்லாமல் பூச்சியமாகிவிடும். எங்கள் நிரலில் அதைப் பூச்சியமாக்கும் வரி ஒன்றுகூட இல்லை. சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் அச்சிடும் வரிகளைச் சேர்த்தேன். ஓட்டத்தின் வேகம் மாறியதால் வழுவே தலைகாட்டவில்லை. வரிகளை எடுத்ததும் திரும்பி வந்தது. கடைசியில் அந்த நான்கு பைட்டின் முகவரியைச் செயலியிடமே கொடுத்து, ‘இதில் யார் எழுதினாலும் சொல்’ என்று வைத்தேன். எட்டு உள்ளகங்கள் (கோர்) கொண்ட கணினி அது. ஒவ்வோர் உள்ளகத்துக்கும் தனித்தனியே வழுநீக்கப் பதிவகங்கள் (செயலிக்குள்ளேயே உள்ள சிறு சேமிப்பிடங்கள்) இருப்பதால் எட்டிலும் வைக்க வேண்டியிருந்தது. எங்கள் இயக்கி முறையாக எழுதும்போதெல்லாம் பதிவு விழாதபடி, எழுதியபின் மதிப்பு பூச்சியமாக இருந்தால் மட்டும் அடுக்குத் தடத்தை (எந்தச் செயற்கூறு எதை அழைத்து அங்கே வந்தது என்ற பட்டியலை) அச்சிடச் சொன்னேன். இரண்டாம் நாள் காலை பதிவேட்டில் பன்னிரண்டு வரித் தடம் ஒன்று கிடந்தது. பக்கத்து நினைவகத் துண்டைத் துடைக்க வந்த வேறொரு இயக்கி, தவறான கட்டமைப்பின் அளவைக் கொடுத்து எங்கள் எல்லைக்குள்ளும் துடைத்துவிட்டிருந்தது.

இந்த இரண்டு நாட்களில் கணினி ஒருமுறைகூட நிற்கவில்லை. கையாளும் செயற்கூறு ஓடியது, தடத்தை எழுதியது, வேலை தொடர்ந்தது. லினக்ஸில் 2010 பிப்ரவரியில் வந்த 2.6.33 பதிப்பிலிருந்து இந்த வசதி பெர்ஃப் என்ற செயல்திறன் அளவிடும் கட்டமைப்போடு சேர்ந்தே இருக்கிறது. அங்கே நிறுத்துவது விருப்பம். சிக்கியதைச் சொல்வதே வேலை.

அடுத்தது புள்ளி. புள்ளிக்கு நீளம் கிடையாது. இங்கே நீளம்தான் முக்கியம். இன்டெலின் எக்ஸ்86 செயலி வரிசையில் 1985இல் வந்த 80386 முதல் டிஆர்0 தொடங்கி டிஆர்3 வரை நான்கு பதிவகங்களில் நான்கு முகவரிகளை வைக்கலாம். டிஆர்7 என்ற கட்டுப்பாட்டுப் பதிவகத்தில், ஒவ்வொன்றுக்கும் எந்த வகை அணுகல், ஒரு பைட்டா, இரண்டா, நான்கா என்று குறிக்க வேண்டும். 64 பிட் செயலிகளில் எட்டும் உண்டு. சிக்கியது எது என்று டிஆர்6 சொல்லும். நான்கு பைட்டைக் கவனிக்க வேண்டுமானால் முகவரி நான்கால் வகுபட வேண்டும். இத்தனையும் உள்ள ஒன்றைப் புள்ளி என்பது எனக்கு ஒப்பவில்லை.

மூன்றாவதாக வன்பொருள். இதில்தான் என் மறுப்பு மிக அழுத்தமானது. பிணைய அட்டை டிஎம்ஏ (செயலியின் வழியே போகாமல் நினைவகத்தை அணுகும் முறை) வழியாக நேரே நினைவகத்தில் எழுதினால் இந்தப் பதிவகங்களுக்கு அது தெரியவே தெரியாது. செயலி தானே செய்யும் அணுகலைத்தான் அவை பார்க்கும். அதுவும் அந்த மெய்நிகர் முகவரி (நினைவகத்தின் உண்மை முகவரி அல்ல, நிரல் பயன்படுத்தும் முகவரி) வழியாக வந்தால் மட்டும். அதே நினைவகப் பக்கத்துக்கு வேறொரு முகவரி வழி இருந்து அதன் மூலம் எழுதினால் தப்பிவிடும். பிணைய அட்டையும் வன்பொருள்தானே? ‘வன்பொருள்’ என்ற பெயரை நம்பும் மாணவர், ‘எதுவும் சிக்கவில்லை, ஆகவே யாரும் எழுதவில்லை’ என்று முடிவுகட்டுவார். பெயரே அவரை வழிதவறச் செய்யும். ‘செயலி’ என்றால் எல்லை எது என்பது பெயரிலேயே விளங்கிவிடும்.

ஆகவே நான் முன்வைப்பது செயலிக் கண்ணி. வேடர் வைக்கும் கண்ணி காட்டை மாற்றுவதில்லை. கால் பட்டால்தான் அது தெரியும். வினைகளும் தாமே வந்து சேர்கின்றன: கண்ணி வைத்தேன், கண்ணியில் சிக்கியது, கண்ணியை எடுத்துவிட்டேன். ‘முறிவுப்புள்ளியை அமைத்தேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வேறுபாடு தெரியும்.

மென்பொருள் வகை பிரேக்பாயிண்டுக்குப் பதிகண்ணி எனலாம். அங்கே ஆணையின் முதல் பைட்டை எடுத்துவிட்டு, எக்ஸ்86இல் பதினறும எண் சிசி என்ற ஒற்றை பைட்டை நிரலுக்குள்ளேயே பதிக்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும் கர்னல் நிரலில், அதுவும் எழுதத் தடையுள்ள பக்கத்தில், மற்ற உள்ளகங்கள் அதே ஆணையை ஓட்டிக்கொண்டிருக்கும்போது கைவைப்பது எவ்வளவு கவனமான வேலை என்பது செய்தவர்களுக்குத் தெரியும். செயலிக் கண்ணி நிரலைத் தொடுவதே இல்லை. மென், வன் என்பதைவிட இந்த வேறுபாடுதான் முதன்மையானது.

உட்பிரிவுகளுக்கு ஓட்டக் கண்ணி, எழுதல் கண்ணி, அணுகல் கண்ணி போதும். எக்ஸ்86இல் படிப்பதை மட்டும் பிடிக்கும் வகை இல்லை; படித்தலும் எழுதலும் சேர்ந்தே வரும். அதனால்தான் ‘அணுகல்’ என்கிறேன். ஆர்ம் செயலிகளில் படித்தல் கண்ணி தனியாகவே உண்டு; அங்கே அந்தச் சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நண்பர் ஒருவர் ‘காவல்’ என்றார். அழகான சொல்தான், ஆனால் காவல் தடுக்க வேண்டும். எக்ஸ்86இல் எழுதல் கண்ணி, எழுதி முடித்தபின்தான் சொல்கிறது. ஓட்டக் கண்ணி ஆணை ஓடுவதற்கு முன்பே சொல்கிறது. இரண்டுக்கும் ‘சிக்கியது’ பொருந்துகிறது, ‘காத்தது’ பொருந்தவில்லை. சங்கிலிக் கண்ணியோடு குழம்பும் என்ற கவலைக்கு, தொடர் பட்டியலின் (லிங்க்டு லிஸ்ட்) உறுப்புக்குக் ‘கணு’ இருக்கிறது என்பதே என் பதில்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அன்பர், கண்ணி என்றதும் கண்ணிவெடிதான் தங்களுக்கு முன்னே வருகிறது என்றார். இதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். வெடிக்கு முன்பே பறவைக்கு வைத்த கண்ணி உண்டு என்று அகராதியைக் காட்டுவது அவருக்குப் பதிலாகாது. அங்கிருந்து எழுதும் மற்றவர்களும் சொல்லுங்கள். அந்தச் சொல் உங்களுக்கு உறுத்துமானால் கண்ணியை விட்டுவிட்டு ‘செயலி மறிப்பு’, ‘பதிமறிப்பு’ என்று மாற்ற நான் தயார். வழிமறித்தல் எல்லா ஊரிலும் வழங்கும் சொல், அதற்கும் வினை வடிவம் நன்றாக அமைகிறது. ஆனால் ‘செயலி’யை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

மாற்றுச் சொல் தருபவர்கள், அதை வைத்து உங்கள் வேலையில் நடந்த ஒரு வழுநீக்கத்தை நான்கைந்து வரியில் எழுதியும் காட்டுங்கள். எனக்குப் ‘புள்ளி’ மீதான ஐயமே அப்படி எழுதிப் பார்த்தபோதுதான் வந்தது.