செங்குன்றம் அரிசி ஆலைகளும் இருளர்களும்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். செங்குன்றம் பக்கம் தலைமுறையாக அரிசி ஆலை நடத்தும் குடும்பங்களின் பிள்ளைகள் நாங்கள். பெரியவர்களின் சங்கம் ஒரு மலர் போடுகிறது. பழைய தலைவர்கள், சால்வை, குத்துவிளக்கு எல்லாம் உண்டு. அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காலால் கிளறிக் காயவைத்த இருளர் பழங்குடிக் குடும்பங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டால், "அட்வான்ஸ் வாங்கினவங்கதானே" என்கிறார்கள். எங்கள் வீட்டுப் பழைய கணக்கு நோட்டில் ஒருவரின் முன்பணம் அப்படியே அவர் மகன் பேருக்கு மாறியிருக்கிறது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்த கொத்தடிமை முறை வேறென்ன?

கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்குக் கொடுத்த விடுவிப்புச் சான்றிதழ் பதிவுகளை ஆர்டிஐ போட்டு வாங்கியவர்கள் இங்கே உண்டா? மனுவைப் பொன்னேரி கோட்டாட்சியருக்குப் போடுவதா, திருவள்ளூர் ஆட்சியருக்கா? 1997-இல் மாவட்டம் பிரிவதற்கு முந்தைய செங்கல்பட்டுக் கோப்புகள் இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கும்?

அப்புறம், அந்தக் குடும்பங்களை நாங்களே போய்ப் பார்ப்பது சரியா? முதலாளி வீட்டுப் பிள்ளை வாசலில் வந்து நின்றால் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்? இருளர் மக்களோடு வேலை செய்பவர்கள் வழி சொல்லுங்கள். சம்மதம் இல்லாமல் பெயரோ படமோ போட மாட்டோம். பொங்கலுக்குள் மலர் அச்சுக்குப் போகிறது.