போனை வைத்து உணரி வலையமைப்புப் படிப்பிக்கலாமோ?

கொக்குவிலில தரம் 10 பிள்ளையள் 12 பேர். ஆர்டுயினோ (உணரிகளை இணைச்சு நிரல் எழுதுற சின்ன மின்னணுப் பலகை) வாங்க வசதியில்லை. எல்லாரிட்டயும் அண்ட்ராய்டு போன் இருக்கு. போனில இருக்கிற உணரிகளின்ர (ஒளி, அசைவு போன்றதை அளக்கிற பாகங்கள்) தரவை மடிக்கணினிக்கு எடுத்து, பைதன் நிரல்மொழியில காட்ட வழி சொல்லுங்கோ.

மறுமொழி 1:
ஃபைஃபாக்ஸ் (phyphox) எண்ட, போன் உணரிகளை வாசிக்கிற செயலியைப் போடுங்கோ அண்ணை, இலவசம். ஒளி உணரியைத் திறந்து, மெனுவில தொலை அணுகலை இயக்கினாக் கீழ முகவரி வரும், கடைசியில :8080 எண்டு போர்ட் எண் இருக்கும். போனும் மடிக்கணினியும் ஒரே வைஃபையில இருக்க, அதை மடிக்கணினி உலாவியில அடிச்சா வரைபடம் நேரடியா ஓடும். முதல் வகுப்புக்கு அதுவே காணும். பிள்ளையள் உள்ளங்கையால உணரியை மூடி, கோடு விழுறதைப் பாக்கட்டும். பைதன் பிறகு: அதே முகவரிக்குப் பின்னால /get எண்டும் வேண்டிய தரவின்ர பேரையும் சேர்த்துக் கோரிக்கை அனுப்பினா ஜேசனா (நிரல் லேசா வாசிக்கிற எழுத்து வடிவம்) விடை வரும்.

மறுமொழி 2:
பக்கம் திறக்காட்டி முதல் ரூட்டரைப் பாருங்கோ. விருந்தினர் வைஃபை கருவிகளை ஒண்டோடொண்டு பேச விடாது. ஒரு போனில ஹாட்ஸ்பாட் போடுங்கோ, டேட்டா தேவையில்லை. பல போன்கள் 8, 10 கருவிக்கு மேல ஏற்காது. ரண்டு குழுவாப் பிரியுங்கோ. ஆராவது ஐபோன் கொண்டு வந்தா அதில ஒளி உணரி கிடைக்காது, முடுக்கமானி (அசைவை அளக்கிற உணரி) எடுங்கோ.