வெட்டிய ஓரத்தில் தெரியும் நிறம்

தாராவியிலிருந்து:

கடந்த ஜூலையில், விடாமல் மழை பெய்த வாரத்தில், மும்பை தாதரிலிருந்து ஒரு பெரியவர் தாராவியில் உள்ள எங்கள் பட்டறைக்குத் தோல்பை ஒன்றைக் கொண்டுவந்தார். வேலையில் சேர்ந்த வருடம் வாங்கிய பையாம். பூஞ்சை படர்ந்து வெளுத்திருந்தது. இரும்பு வளையத்தைச் சுற்றிக் கருங்கறை. இரண்டு கடைகளில் தூக்கிப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அறுந்த வாரின் நுனியைக் கத்தியால் மெல்லச் சீவிப் பார்த்தேன். மேலிருந்து அடிவரை ஒரே பழுப்பு. "மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் ஐயா, இதைப் போட்டுவிடாதீர்கள்" என்றேன்.

குரோம் உப்பில் பதனிட்ட தோலாக இருந்தால் வெட்டிய இடத்தில் பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். குரோம் உப்பு ஓரிரு நாளில் வேலையை முடித்துவிடும். பட்டைக்கு வாரக்கணக்காகும். என் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து இங்கே தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் பட்டறை வேலைக்கு வந்தவர். தாராவிக்கு முதல் தோல் ஷாப் வந்தது 1887இல். அதன் பின்னால் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

தாத்தா சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியும். உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்து அலசி, சுண்ணாம்புத் தொட்டியில் போடுவார்கள். மயிர் இளகியதும் மழித்து, உள்பக்கத்துச் சதையைச் சுரண்டி, சுண்ணாம்பு போகக் கழுவுவார்கள். அதன் பிறகுதான் ஆவாரம்பட்டைச் சாறு. முதலில் நீர்த்த பழைய சாறு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிச் சாறு. எடுத்த எடுப்பிலேயே கெட்டிச் சாற்றில் போட்டால் மேற்புறம் இறுகிவிடும், சாறு உள்ளே இறங்காது, நடுப்பகுதி பதப்படாத பச்சைத் தோலாகவே நின்றுவிடும். இதைச் சொல்லும்போதெல்லாம் தாத்தா தன் இரண்டு உள்ளங்கைகளையும் இறுக்கிச் சேர்த்துக் காட்டுவார். கடைசியில் கடுக்காய், எண்ணெய், நிழலில் உலர்த்தல்.

பெரியவர் அந்தக் கருங்கறையை அழுக்கென்று நினைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறார். அது அழுக்கு அல்ல. பட்டையின் துவர்ப்பும் ஈரமும் இரும்பும் சேர்ந்தால் மை பிறக்கும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துத்தானே அந்தக் காலத்தில் எழுதும் மையே செய்தார்கள்! சோப்பினால் போனது தோலில் இருந்த எண்ணெய்தான். பூஞ்சையை உலர்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் ஆறவிட்டு, விளக்கெண்ணெய் லேசாகத் தடவினேன். வளையத்தைப் பித்தளையாக மாற்றிக் கொடுத்தேன்.

தாத்தாவின் விரல்களில் ஏறிய பட்டைக் கறை அவர் இறக்கும்வரை போகவில்லை. அந்தக் கை நீட்டிய பலகாரத்தை வாங்க மறுத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளின் வாசலிலும் தோல் செருப்புகள்தான் கிடந்தன. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அது ஆறவில்லை.

செம்பூரிலிருந்து:

அண்ணா, போன மழையில் நனைந்த என் கோலாப்பூர் செருப்பைச் சீக்கிரம் காயட்டுமென்று அடுப்பருகே வைத்தேன். காலையில் அப்பளம் போலச் சுருண்டு கிடந்தது. தோல் போலியா?

தாராவியிலிருந்து:

போலி இல்லை தம்பி. கோலாப்பூர் செருப்பும் கருவேலம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல்தான். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஈரமாக இருக்கும் பட்டைத்தோல் சூடு பொறுக்காது, சுருங்கி விறைத்துவிடும். அடுத்த முறை செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக் காற்றில் வையுங்கள். மழை மாதங்களில் போடாமலிருப்பது இன்னும் நல்லது.

மாட்டுங்காவிலிருந்து:

என் மகன் மிருதங்கம் கற்கிறான். ஆகஸ்டில் கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கம், சுருதியில் நிற்கவே இல்லை. மூட்டு (வாசிக்கும் முகத்துத் தோல்) மாற்றுபவரிடம் ஓடினோம். பதனிட்ட தோல் போட்டால் மழையைத் தாங்குமே என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பதனிட்ட தோல் துண்டு ஒன்றையும் பச்சைத் தோல் துண்டு ஒன்றையும் என் கையில் கொடுத்து, சுண்டிப் பார்க்கச் சொன்னார். பதனிட்டது மெத்தென்று அமுங்கியது, பச்சைத் தோல் 'டிண்' என்றது. மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், இழுத்துக் கட்ட எருமைத்தோல் வார் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். மகாராஷ்டிரத்தில் 2015 மார்ச்சில் வந்த சட்டம் காளை, எருதுகளை வெட்டுவதையும் தடை செய்த பிறகு மாட்டுத்தோலுக்கு அலைய வேண்டியிருக்கிறது என்றார். இருபது வருடமாகக் கச்சேரி கேட்கிறேன் அண்ணா. நாதம் எந்தக் கைகளைக் கடந்து வருகிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். உங்கள் தாத்தாவைப் பற்றிப் படித்ததும் அந்த மூட்டு மாற்றுபவரின் கைகள்தான் நினைவுக்கு வந்தன. மகனுக்கும் பட்டைத்தோலைக் காட்ட ஆசை. வரலாமா?

தாராவியிலிருந்து:

தாராளமாக வாருங்கள் அம்மா. தொண்ணூறு அடி சாலையில் இறங்கிக் கூப்பிடுங்கள், நானே வந்து அழைத்துப் போகிறேன். தாத்தா பதனிட்ட தோலில் ஒரு கையகலம் இன்னும் பெட்டியில் இருக்கிறது. மகனை முகர்ந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.