கலைச்சொல் விவாதம்: ‘அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல்’ தமிழில் எப்படி?

(முன்செல்லும் வண்டிக்கு ஏற்பக் காரின் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்புக்குத் தமிழ்ப்பெயர் தேடிய மடல்கள்)

மடல் 1: மொழிபெயர்ப்பாளர்

அன்புடையீர், வணக்கம்.

கார் ஒன்றின் ஓட்டுநர் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ‘அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல்’ என்ற தொடர் ஏறத்தாழ எல்லா அதிகாரங்களிலும் வருகிறது. முதலில் ‘தகவமை பயணக் கட்டுப்பாடு’ என்று வைத்தேன். மறுநாள் காலையில் படித்தபோது யாரோ பயணத்துக்குத் தடை விதித்திருப்பதுபோல் எனக்கே தோன்றியது. ‘வேகக் கட்டுப்பாடு’ என்று மாற்றினால், சாலையோரப் பலகையில் எழுதியிருக்கும் உச்ச வேக வரம்பையே எவரும் நினைப்பர்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இதே சொல் ஸ்டியரிங்குக்குப் பின்னுள்ள திரையிலும் தோன்ற வேண்டும். அங்கே 26 குறிகளுக்கு மேல் இடமில்லை. எண்ணும் மென்பொருளுக்கு நம் எழுத்திலக்கணம் தெரியாது. ‘கை’ என்பது அதற்கு இரண்டு குறி, ‘க்’ என்பதும் இரண்டு. ‘தகவமை சீர்வேகக் கட்டுப்பாடு’ என்று இட்டுப் பார்த்தேன். இடைவெளியும் சேர்த்து 27 வந்தது. ஒரு புள்ளியால் போயிற்று.

பெரியோர் கைகொடுக்க வேண்டும்.

மடல் 2: தமிழாசிரியர்

தகவமைதல் உயிரியல் பாடநூலுக்கு உரிய சொல். ஒட்டகம் பாலைக்குத் தகவமைந்தது எத்தனையோ தலைமுறைகளில். கார் கண்ணிமைப்பதற்குள் செய்வதை அதே சொல்லால் குறிப்பது சொல்லுக்கும் நீதியன்று, ஒட்டகத்துக்கும் நீதியன்று.

அடுத்து, ‘வேகம்’ வடசொல். விரைவைக் குறிக்க நம்மிடம் சொற்பஞ்சம் இல்லை. கதழ்வு, துனைவு என்ற இரண்டையும் விரைவின் பொருளில் தொல்காப்பிய உரியியல் வைத்திருக்கிறது. அவ்வியலிலேயே ‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குச் சொல்லப்படும் பத்துப் பொருள்களில் விரைவும் உண்டு, காப்பும் உண்டு. காவல் மரத்துக்குக் கடிமரம் என்று பெயர். விரைந்து செல்லும்போதே காவலும் செய்கின்ற ஒரு கருவிக்கு, இவ்விரு பொருளையும் ஒருசேரத் தாங்கி நிற்கும் வேர் இதைவிட வேறு எங்கே கிடைக்கும்? ஆகவே ‘கடியோட்டம்’ என்பது என் பரிந்துரை.

‘குரூஸ்’ என்பதற்கு மூலம் டச்சு மொழியில் குறுக்கே செல்லுதலைக் குறிக்கும் வினை. கப்பல்கள் கடலில் குறுக்கும் நெடுக்குமாகத் திரிந்ததிலிருந்து வந்தது. அவ்வழியில் பார்த்தால் ‘உலா’வும் பொருந்தும். தேரில் உலா வந்த மன்னர்களைப் பாடிய மொழிக்கு இது ஒன்றும் புதிதன்று.

மடல் 3: பதிப்பாசிரியை

ஐயா, அந்தப் பத்துப் பொருள்களில் அச்சமும் ஒன்று என்பதைத் தாங்கள் விட்டுவிட்டீர்கள். இன்று ‘கடி’ என்றால் நாய் கடிப்பதும், சிரிப்பு வராத நகைச்சுவையும்தான் நினைவுக்கு வரும். “கடியோட்டம் இயக்கப்பட்டது” என்று திரையில் கண்ட ஓட்டுநர் முதலில் பின்னிருக்கையைத் திரும்பிப் பார்ப்பார். உலாவுக்கும் இதே கதிதான். உலா வருபவர் முன்செல்பவரைப் பார்த்து வேகத்தைக் குறைப்பதில்லை, மற்றவர்களே அவருக்கு வழிவிடுவர்.

மடல் 4: பொறியாளர்

வாகனக் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சாலையில் சோதித்துச் சீராக்குவது என் தொழில். பெயர் வைப்பதற்கு முன்பு அந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதுவரை வந்த மூன்று மடல்களிலும் அது இல்லை.

பழைய குரூஸ் கண்ட்ரோல் ஓட்டுநர் குறித்த வேகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு செல்லும். ஏற்றத்தில் எஞ்சினுக்குக் கூடுதல் விசை கொடுக்கும், இறக்கத்தில் குறைக்கும். முன்னால் லாரி செல்வது அதற்குத் தெரியாது. புதியதற்குக் கண் உண்டு. முன்புறத்தில் பொருத்திய ரேடார் பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குகிறது. அந்த அலையின் நீளம் 4 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. அலை முன்வண்டியில் பட்டுத் திரும்பும் நேரத்திலிருந்து தொலைவும், திரும்பிய அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதிலிருந்து அவ்வண்டி நம்மை நெருங்குகிறதா விலகுகிறதா என்பதும் கிடைக்கின்றன. 60 மீட்டர் தொலைவிலுள்ள வண்டியிலிருந்து எதிரொலி திரும்ப ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கில் பாதிகூட ஆவதில்லை. பல வண்டிகளில் கேமராவும் சேர்ந்துகொண்டு, முன்னால் தெரிவது நம் தடத்தில் செல்வதா பக்கத்துத் தடத்தில் செல்வதா என்று பிரித்துச் சொல்கிறது.

உள்ளே இரண்டு கணக்குகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. குறித்த வேகத்தை எட்ட எவ்வளவு முடுக்கம் வேண்டும் என்பது ஒன்று; முன்வண்டியிலிருந்து குறித்த இடைவெளியில் நிற்க எவ்வளவு முடுக்கம் வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டில் எது சிறியதோ அதுவே எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் போகிறது. அந்த இடைவெளி மீட்டரில் குறிக்கப்படுவதில்லை, நொடியில் குறிக்கப்படுகிறது என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். இரண்டு நொடி என்று வைத்தால் மணிக்கு 100 கிலோமீட்டரில் அது சுமார் 56 மீட்டர், 50 கிலோமீட்டரில் 28 மீட்டர். வேகம் குறையக் குறைய இடைவெளியும் தானே சுருங்கும்.

இதனால் இரண்டு முடிவுகள். ஒன்று, ‘சீர்வேகம்’ என்பது பழையதற்குத்தான் பொருந்தும். புதியதில் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், மாறாமல் நிற்பது நொடிக்கணக்கு மட்டுமே. இரண்டு, ‘காவல்’, ‘காப்பு’ என்ற பக்கமே போகாதீர்கள். ஐ.எஸ்.ஓ. 15622 தரநிலை, நொடிக்கு 20 மீட்டருக்கு மேற்பட்ட வேகங்களில் இந்த அமைப்பு போடும் பிரேக்கின் சராசரி எதிர்முடுக்கத்தை, அதாவது வேகம் குறையும் வீதத்தை, 3.5 மீ/நொடி² என்ற எல்லைக்குள் நிறுத்துகிறது. வறண்ட சாலையில் காலால் முழுமூச்சாக மிதித்தால் கிடைப்பதில் அது பாதிகூட இல்லை. மேலும், நின்றுகொண்டிருக்கும் வண்டியைப் பல ரேடார்கள் பொருட்படுத்துவதில்லை. சாலையோரப் பலகை, பாலம், இரும்பு மூடி என்று அசையாத பொருள்கள் எல்லாமே எதிரொலி தருவதால், அவை ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டியில் எவரும் அமர முடியாது; ஆகவே அசையாதவற்றை மென்பொருள் கழித்துவிடுகிறது. இதைக் காவல் என்று நம்பிய ஓட்டுநர் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டால், அந்தத் தவறில் பெயர் வைத்தவருக்கும் பங்கு உண்டு.

மடல் 5: தொழிற்பயிற்சி ஆசிரியர்

வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறேன். என் மாணவர்கள் ‘குரூஸ்’ என்றே சொல்கிறார்கள், ‘குரூஸ் போடு’, ‘குரூஸ் எடு’ என்கிறார்கள். பிரேக், கிளட்ச், கியர் ஆகிய மூன்றும் தமிழ் மரபைக் கெடுத்துவிடவில்லை. ‘அடாப்டிவ் குரூஸ்’ என்று தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு, கீழே ஒரு வரியில் விளக்கினால் வேலை முடிந்தது. கரும்பலகையில் ‘கதழ்வு’ என்று எழுதினால் அதை விளக்கவே ஒரு பாடவேளை போய்விடும்.

மடல் 6: தமிழாசிரியர்

> பிரேக், கிளட்ச், கியர் ஆகிய மூன்றும் தமிழ் மரபைக் கெடுத்துவிடவில்லை

கெடுக்கவில்லை, ஆனால் நான்காவது வரும்போது வாசற்கதவு திறந்தே கிடக்கிறது. ‘பேருந்து’ என்ற சொல்லையும் ஒருகாலத்தில் சிரித்தவர்கள் உண்டு.

பொறியாளர் ஐயாவின் விளக்கம் எனக்குப் பெரிதும் உதவியது. காவலை விட்டுவிடுகிறேன். அவர் சொன்னதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே 691ஆம் குறள் மனத்தில் வந்து நின்றது. அரசரைச் சேர்ந்தொழுகுவோர், குளிர்காய்வோர் தீயிடம் இருப்பதுபோல ‘அகலாது அணுகாது’ இருக்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். முன்வண்டியை விட்டு அகலவும் கூடாது, அதை நெருங்கவும் கூடாது. இந்தக் கருவியின் வேலை முழுவதும் இரண்டு சொல்லில் அடங்கிவிட்டது! ‘அகலாதணுகா ஓட்டம்’ என்று வைக்கலாம். எண்ணியும் பார்த்துவிட்டேன்; மென்பொருள் கணக்கில் 16 குறிகளே. இதுவரை வந்தவற்றில் மிகக் குறுகியவற்றுள் என் சொல்லும் ஒன்று.

ஓட்டுநரே தேவையில்லாத வண்டி வரும் நாளுக்கு வேறு சொல் வைத்திருக்கிறேன். புறநானூற்றின் 27ஆம் பாட்டில் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ வருகிறது. ‘வான’த்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

மடல் 7: பதிப்பாசிரியை

அழகான சொல், ஐயா, மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடம்படுமெய் பெற்று ‘அகலாதணுகாவோட்டம்’ என்று சேர்த்து எழுதுவீர்களா, பிரித்தே எழுதுவீர்களா? சேர்த்தால் அதை ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்ட இயலாது. வானத்தை எடுத்துவிட்ட ஊர்தியைப் பற்றி வேறு இழையில் பேசலாம். அந்தப் பாட்டு இறந்தபின் கிடைக்கும் ஊர்தியைச் சொல்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். ஓட்டுநர் கையேட்டுக்கு அது நல்ல சகுனம் அன்று.

மடல் 8: இயற்பியல் கற்பித்தவர்

இலங்கைப் பாடநூல்களில் கற்றவன் என்ற முறையில் ஒரு குறுக்கீடு. எங்களுக்குத் திசையற்றது ‘கதி’, திசையுடையது ‘வேகம்’. தமிழ்நாட்டில் திசையற்றது ‘வேகம்’, திசையுடையது ‘திசைவேகம்’. பொறியாளர் எழுதிய எதிர்முடுக்கத்தை நாங்கள் ‘அமர்முடுகல்’ என்போம். எனவே ‘வேகம்’ என்று எழுதினால் இரு கரையிலும் சற்று வேறு பொருள் தரும். ஆனால் கார் ஓட்டுபவர் திசையைப் பற்றிக் கவலைப்படப் போவதில்லை. ஆதலால் நான் தடை சொல்லவில்லை, பதிவு மட்டும் செய்கிறேன்.

மடல் 9: பொறியாளர்

தமிழாசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். குறள் மிகப் பொருத்தம், பெயர் மிக ஆபத்து. ‘அணுகா ஓட்டம்’ என்றால் ஒருபோதும் அணுகாது என்று வாக்குக் கொடுப்பதாகிறது. உண்மையில் அணுகும். வளைவில் முன்வண்டி ரேடாரின் பார்வைக்கோணத்தை விட்டு விலகினால், சாலை காலி என்று எண்ணிக் குறித்த வேகத்தை நோக்கி முடுக்கத் தொடங்கும். பக்கத்துத் தடத்திலிருந்து திடீரென ஒருவர் நுழைந்தால் மெதுவாகத்தான் பின்வாங்கும். வள்ளுவர் அறிவுரை சொன்னது மனிதருக்கு. அதை இயந்திரத்தின் இயல்பாகப் பெயரில் எழுதிவிட்டால் மனிதர் அறிவுரையை மறந்துவிடுவார்.

பெயர் வைத்த வரலாற்றையும் பாருங்கள். இதன் மூதாதையைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் பார்வையற்ற பொறியாளர். 1950இல் காப்புரிமை பெற்றார். ‘ஸ்பீடோஸ்டாட்’ என்பது அவர் வைத்த பெயர். 1958இல் கிரைஸ்லரின் இம்பீரியல் கார்களில் வந்தபோது அது ‘ஆட்டோ பைலட்’ ஆயிற்று. ‘குரூஸ் கண்ட்ரோல்’ என்பது காடிலாக் வைத்த விற்பனைப் பெயர். ஆக, டச்சுக் கப்பல்வரை வேரைத் தோண்டுவதால் பயன் இல்லை. இடைவெளியைக் கணக்கிடும் வகை வந்தபோது மிட்சுபிஷி 1995இல் வைத்த பெயரில் ‘டிஸ்டன்ஸ்’ இருந்தது. மெர்சிடிஸ் 1999இல் ‘டிஸ்ட்ரானிக்’ என்றது. இரண்டு நிறுவனங்களுமே தொலைவைத்தான் பெயரில் பிடித்தன. எதற்கேற்ப மாறுகிறது என்று சொல்லாத ‘அடாப்டிவ்’ பின்னால் பொதுப்பெயராகிவிட்டது. நாமும் அதை மொழிபெயர்க்காமல், ‘இடைவெளி’ என்று நேராகவே சொல்லிவிடலாமே.

மடல் 10: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. ‘இடைவெளி’ என்ற சொல் வந்ததும் எனக்குக் கதவு திறந்தது. ‘இடைவெளி காக்கும் சீர்வேகம்’ என்று இட்டுப் பார்த்தேன், சரியாக 26. ஆனால் ‘காக்கும்’ என்பதில் பொறியாளர் ஐயா அஞ்சும் காவல் மறைந்திருக்கிறது. ‘பேணும்’ என்று மாற்றினால் அந்த வாக்குறுதி குறைகிறது, குறிகளும் 24 ஆகின்றன. ‘பின்தொடர் வேகம்’ என்றும் ஒருவர் தனிமடலில் எழுதினார். அது யாரையோ வேவு பார்ப்பதுபோல் இருப்பதால் விட்டுவிட்டேன்.

கையேட்டு வரி இப்போது இவ்வாறு அமைகிறது: “இடைவெளி பேணும் சீர்வேகம், முன்வாகனம் மெதுவாகச் செல்லும்போது உங்கள் வாகனத்தின் வேகத்தைக் குறைக்கும், நின்றுகொண்டிருக்கும் வாகனத்தை இது கண்டுகொள்ளாமல் போகலாம் என்பதால், பிரேக் போட எப்போதும் ஆயத்தமாக இருங்கள்.” பயிற்சி ஆசிரியர் கேட்டபடி, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல்’ என்பதையும் தமிழ் எழுத்தில் அருகே தருகிறேன்.

இதுவரை ஐவர் ஒப்புதல் எழுதியிருக்கிறீர்கள். நாளை காலை கோப்பை அனுப்பிவிடுவேன்.

மடல் 11: தொழிற்பயிற்சி ஆசிரியர்

எனக்கு உடன்பாடு. வகுப்பில் ‘குரூஸ்’ என்றுதான் சொல்வார்கள். தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் கொடுப்பேன்.

மடல் 12: தமிழாசிரியர்

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மூன்று சொல் சேர்ந்தது விளக்கமாகும், பெயராகாது. என் சொற்குறிப்பேட்டில் ‘அகலாதணுகா’ என்றே எழுதி வைத்திருக்கிறேன். ‘பேணும்’ மட்டும் நல்ல சொல். அதை யார் முதலில் சொன்னாலும் சொல்லட்டும்.

மடல் 13: பொறியாளர்

என் மாறுபாடும் பதிவாகட்டும். ‘பேணும்’ சரி, ‘இடைவெளி’ மிகச் சரி. ‘சீர்வேகம்’தான் இன்னும் உறுத்துகிறது. நான் இப்போது சோதித்துவரும் வண்டியில் இந்த அமைப்பு நெரிசலிலும் இயங்கும்; முன்வண்டி நின்றால் நம் வண்டியையும் கொண்டுபோய் நிறுத்திவிடும். நேற்று மாலை அப்படி நின்றபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமைப்பு இயங்குகிறது என்று பச்சை விளக்கு எரிந்தது, வேகம் பூச்சியம். அதையும் சீர்வேகம் என்றா சொல்வது?